தூக்கிக் கொடுக்காத பந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே விடுதியில் உன் உடம்புக்கும் குறைவில்லை என்று தெரிகிறது, புத்திதான் கோணிக்கொண்டிருக்கிறது. உன் கடிதத்தை ஆஸ்பத்திரி சலவை அறையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன், மடிக்க எடுத்த போர்வை கையிலேயே இருந்தது. நான் யாரோடும் சண்டை போடவில்லை அம்மா, வாலிபாலில் எங்கள் அணி நெட்டச்சிக்கு அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதானா? உன் கை மந்தம் என்று அவள் எல்லார் முன்னாலும் கத்தினாள், கத்திவிட்டு மறந்தும் போயிருப்பாள். நீ வாயே திறக்காமல் மூன்று ஆட்டமாக அவளைப் பட்டினி போட்டிருக்கிறாய். இப்போது அவள் ஆட்டம் மங்கிவிட்டதென்று கோச் சனிக்கிழமை இறுதி ஆட்ட அணியிலிருந்து அவள் பெயரை எடுக்கப்போகிறார், நீ சும்மா இருந்தாலே போதும்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். போன வருடம் ஆஸ்பத்திரி வாலிபால் போட்டியில் என் அணியிலேயே ஆடிய உன் அத்தை என் சர்வீஸைக் கிண்டல் செய்தாள், அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசி செட் முழுக்க அவளுக்கு ஒரு பந்தும் கொடுக்கவில்லை. தோற்றோம். கை வியர்த்து வழுக்கியது என்று சொல்லிவிட்டேன், உன் அப்பாவே அதை நம்பினார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே, அந்த ஊமை நான்தான். உன் கடிதம் வந்த அன்றே வேலை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போய், வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சொன்னேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தெரியும் அண்ணி. பந்தை அடிக்க நாலு தடவை குதிச்சேன், அப்புறம் குதிக்கல. அன்னிக்கே நீங்க என்னைத் திட்டியிருக்கலாம்" என்றாள். பிறகு அரைமணி நேரம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள், பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. நின்று கேட்டேன். எனக்கு வேண்டியதுதான்.

ஆகவே சனிக்கிழமைக்குள் நெட்டச்சியையும் கூட்டிக்கொண்டு கோச்சிடம் போ. அவள் ஆட்டம் மங்கவில்லை, நான்தான் பந்து கொடுக்கவில்லை என்று சொல். உன்னை வெளியே உட்கார வைத்தால் உட்கார். அவள் கத்தினால் நீயும் திருப்பிக் கத்து, அதில் தப்பே இல்லை. கட்டைவிரலுக்குப் பட்டை சுற்ற மறக்காதே, வேளைக்குச் சாப்பிடு. என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அவள் பெயர் பட்டியலில் இல்லாமல் நீ கோப்பையோடு வந்தால், சாப்பாடு போடுவேன், ஜெயித்தாயா என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா