கண்ணாடி அலமாரியில் எஸ்எஸ்டி

டோஹா

அன்புள்ள கோசலா,

நீயும் மகள் நிஷாந்தியும் சுகந்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

அவளுடைய பழைய லேப்டாப் ஆன் ஆவதற்குள் ஆன்லைன் வகுப்பு பாதி முடிந்துவிடுகிறது என்றுதானே அதன் பழைய டிஸ்க்குக்குப் பதிலாக மாட்ட வேகமான புது எஸ்எஸ்டி வாங்கி அனுப்பினேன்? நேற்று நீ அனுப்பிய படத்தில் பார்த்தால், அது பெட்டியோடு கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. குங்குமப் பொட்டு வேறு. போனில் கேட்டால், “லயத்துல எல்லாரும் பாக்கட்டுமேங்க, உள்ள போட்டா யாருக்குத் தெரியும்?” என்கிறாய். லயத்து வீடுகளுக்கெல்லாம் காட்டவா அனுப்பினேன்?

நாளைக்கே ஹட்டன் கடையில் கொடுத்து மாட்டு. பழைய டிஸ்க்கில் இருக்கும் நம் கல்யாணப் படங்களை அழிக்க விடாதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீவராஜ் லீவு முடிந்து இங்கே திரும்பும்போது அவனிடம் தேயிலைத்தூள் கொடுத்தனுப்பு. இங்கே குடிப்பது வெறும் சாயத் தண்ணீர்.

வேலைக்கு வேன் வந்துவிட்டது. அலமாரி வெறிச்சென்று இருந்தால் என் போட்டோவை வை. பொட்டு மட்டும் வைத்துவிடாதே, நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

ஜனார்த்தனன்