மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம்

பிப்ரவரி 3, திங்கள்

கார்த்திகேசன் இன்றும் பேட்டையில் இருக்கிற என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டான். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த என்னை இழுத்து ஃபோனைக் காட்டினான். கர்நாடகத்தில் யாரோ ஒரு பணக்காரனின் காப்பித் தோட்டம். சாயங்காலமானால் புள்ளிமான்கள் கூட்டமாக இறங்குமாம். துப்பாக்கியும் அங்கேயே கிடைக்குமாம். "இங்கன நம்ம மொகம் எல்லா பயலுக்கும் தெரியும்லே. அங்கன யாரு கேக்கப் போறா?"

பிறகு, போன தடவை வேட்டையில் எடுத்த வீடியோ. மான் இன்னும் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. இவன் அதன் காதைப் பிடித்துத் தூக்கிப் பல்லைக் காட்டுகிறான். சீ!

ஆனாலும் வரமாட்டேன் என்று சொன்னேனா? இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயே பழகிவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி கிளம்புவதாக அவனே முடிவு பண்ணிவிட்டான். கார், ஐஸ் பெட்டி, கத்தி எல்லாம் தயார். வீட்டில் சொல்ல வேண்டிய பொய்யும் தயார்.

"இன்பமணிக்கு மைசூர் பக்கம் மாப்பிள்ளை வீடு பாக்கப் போறோம்னு சொல்லுலே. ஒருத்தரும் குறுக்க கேக்கமாட்டாவ."

ஃபோனில் பேசும்போது மானுக்கும் இனி 'மாப்பிள்ளை' என்றுதான் பெயராம். என் தங்கச்சி பேர் அந்த வாயில்! அந்த இடத்திலேயே அறைந்திருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன். த்தூ.

பிப்ரவரி 6, வியாழன்

பிரேமலதாவிடம் அதையே சொல்லிவிட்டேன். பெண்டாட்டியிடம் பொய் சொல்வது புதிதில்லை. ஆனால் அவள் முகம் அப்படி மலர்ந்ததுதான் தாங்கவில்லை. நேரே இன்பமணியின் அறைக்குப் போனாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்பமணிக்கு முப்பத்துமூன்று. இதுவரை ஏழு வீட்டார் வந்து பார்த்திருக்கிறார்கள். ஏழு வீட்டாரும் 'ஊருக்குப் போய்ச் சொல்லுதோம்' என்று போனவர்கள்தான். 'இனி எவனும் இந்த வாசப்படி ஏறக் கூடாது' என்று அவள் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போவாள், வருவாள். அவ்வளவுதான்.

இன்று பைய வந்து நின்றாள்.

"அண்ணே, அவிய என்ன வேலை பாக்காவ?"

"காப்பித் தோட்டம்."

"தமிழ் ஆளுகதானா?"

"ஆமா."

போகத் திரும்பினாள். பிறகு, "நான் கருப்புன்னு முதல்லயே சொல்லிரு. இங்கன வந்து பாத்துட்டு அவிய சொல்ல வேண்டாம்" என்றாள்.

நான் மனுஷனா? என்ன பிறவி நான்?

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்பமணி மாப்பிள்ளையின் பேர் கேட்டாள். வைத்தீஸ்வரன் என்றேன். வாயில் வந்தது.

பிப்ரவரி 12, புதன்

கார்த்திகேசன் ஃபோனில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். "மாப்பிள்ளை இளசா இருந்தாத்தாம்லே கறி பஞ்சு மாதிரி இருக்கும்." பின்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போனேன்.

உடனே கூப்பிட்டேன். "நான் வரலை. நீயும் போகாத. அசிங்கமா இருக்கு."

"அடச் சீ, பயந்தாங்கொள்ளி. உனக்குப் பங்கு கிடையாதுலே" என்று வைத்துவிட்டான்.

இவ்வளவு வீரம் காட்டியவன் வீட்டில் உண்மையைச் சொன்னேனா? மாப்பிள்ளை வீட்டில் துக்கம், பயணம் தள்ளிப்போகிறது என்றேன்.

"யாரு தவறிட்டாவ?"

"மாப்பிள்ளைக்கு அத்தை."

"பாவம்" என்றாள் இன்பமணி. நிஜமாகவே வருத்தப்பட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சாக்கடை நாற்றம் அடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு தடவை குளித்தேன்.

பிப்ரவரி 15, சனி

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் இன்பமணி கையில் ஃபோன். 'மாப்பிள்ளை ஃபோட்டோ. தங்கச்சிகிட்ட காட்டு' என்று கார்த்திகேசன் அனுப்பியது திரையில் வந்திருக்கிறது. திறக்காமல் இருப்பாளா? திறந்துவிட்டாள்.

நாக்கு வெளியே தொங்கும் மான். கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டிருக்கிறான்கள், பாவிகள்! பக்கத்தில் கார்த்திகேசன், கையில் துப்பாக்கி.

"இவியதான் வைத்தீஸ்வரனா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிரேமலதா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்பமணி அழவில்லை. என் ஃபோனிலிருந்து அந்தப் படத்தையும் அவன் அனுப்பிய குரல் பதிவுகளையும் தன் ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

"நாளைக்கு வன அலுவலகத்துக்குப் போறேன். நீயும் வாரியா?"

"கார்த்திகேசன் உள்ள போயிருவான்."

"போகட்டும்."

"நானும் மாட்டுவேன், இன்பம்."

"மாட்டு" என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

அவள்தான் வண்டி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், குரலைக் கேட்டார், கர்நாடகத்துக்கு ஃபோன் போட்டார். பிறகு நான் சொல்லச் சொல்ல எழுதினார். யார் கூப்பிட்டது, எந்தத் தோட்டம், யார் துப்பாக்கி. எல்லாம் சொன்னேன். கார்த்திகேசன் பேரைச் சொல்லும்போதுகூட நாக்குக் குழறவில்லை.

"வெளி மாநிலம் போக வீட்டுல என்ன காரணம் சொன்னீங்க?" என்றார்.

தண்ணீர் கேட்டேன். குடித்தேன். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

இன்பமணி என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு மாப்பிள்ளை வீடு பாக்கப் போறதா எங்க அண்ணன் சொன்னான். அதையும் எழுதிக்கிடுங்க சார்" என்றாள்.

எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டேன்.