வெள்ளை மாடியும் எதிர்வீட்டு அக்காவின் கண்ணும்

ஏப்ரல் 4

குளித்துவிட்டு வரும்போது அவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கால் வரவில்லை. கோடை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள எனக்குக் காலண்டர் வேண்டாம், என் கணவரின் முழங்கால் போதும். நரம்பு நோய் கூடவில்லை, உடம்பு சூடானால் கால் மக்கர் செய்யும், குளிர்ந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் போன வருடமே சொன்னார். நாங்கள் இருப்பதோ மூன்றாவது மாடி, தலைக்கு மேல் மொட்டை மாடி. எங்கே குளிர்வது?

படுக்கையறையில் ஓர் ஏசி இருக்கிறது. கட்டடத்தின் ஒயர் பழசு என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மூன்று மாடிக்கும் கரண்ட் போய்விடும். மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஜோராக இருப்பார். அதற்குப் பிறகு சுவரே துணை.

ஏப்ரல் 5

அண்ணி போன் செய்தார், என் கணவரின் அக்கா. அவர் வீட்டில் அறைக்கு ஒரு ஏசி. மே இரண்டாம் தேதி காரோடு வருகிறாராம், தம்பியை இரண்டு மாதம் வைத்துக்கொள்கிறாராம். நல்ல எண்ணம்தான், அதுதான் கஷ்டமே. கெட்ட எண்ணமாக இருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

கணவரிடம் சொன்னேன். கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அங்க போனா என்னை நோயாளியா உக்கார வச்சுடுவாங்க. இங்கன்னா ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டேன்னு உங்கிட்ட திட்டாவது வாங்கலாம்.”

சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அனுப்ப மாட்டேன். ஆனால் இங்கே வைத்துக்கொண்டு விழ விடுவதா? இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

ஏப்ரல் 8

காற்று வரட்டும் என்று இத்தனை வருடமும் பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். வெளியே நாற்பது டிகிரி அனல், நானோ அதை வா வா என்று உள்ளே அழைத்திருக்கிறேன். மூன்று நாளாகக் காலை ஏழு மணிக்கே எல்லாவற்றையும் சாத்தி, இருட்டிய பின் திறக்கிறேன். சமையலும் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் சூடு முப்பத்தேழு டிகிரியிலிருந்து முப்பத்தைந்தாக இறங்கியிருக்கிறது. முதல் நாளே வெப்பமானி ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். அவர் மணிக்கொரு தரம் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு அளவு சொல்கிறார். முதலாளி முறைக்கிறார்.

ஏப்ரல் 12

கடை விடுமுறை. வெயிலைத் திருப்பி அனுப்ப மொட்டை மாடி முழுக்கச் சுண்ணாம்பும் பசையும் கலந்து இரண்டு பூச்சு அடித்தேன். இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கல்யாணமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14

முப்பத்திரண்டரை! சுண்ணாம்பே, நீ நன்றாக இரு.

ஏப்ரல் 17

மாலை நான்கு மணிக்குச் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.

ஏப்ரல் 18

எப்படி எழுதுவது.

எங்கள் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்து அக்கா கடைக்கு வந்தார், நான்காவது மாடியில் திரைச்சீலை தைப்பவர். இதுவரை தெருவில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரு வாரமாகப் பத்து மணியானால் கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறதாம், ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். கூச்சம் குறைக்கும் கண்ணாடி வேண்டும் என்றார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். தைக்கிற இடத்துக்கு எதிரே பளபளப்பாக ஏதாவது இருக்கிறதா?

“கீழ எதிர் மாடியில யாரோ வெள்ளையடிச்சிருக்காங்கம்மா. உச்சி வெயில்ல பாக்கவே முடியல.”

பன்னிரண்டு வருடமாகக் கண் கூச்சத்துக்குக் கண்ணாடி விற்கிறேன். மணல் கூசும், தண்ணீர் கூசும், வெள்ளைச் சுவர் கூசும் என்று ஊருக்கெல்லாம் ஒப்பிக்கிறேன். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிய அன்று அந்த அறிவெல்லாம் எங்கே போயிற்று?

கண்ணாடி தயாராக இரண்டு நாள் ஆகும் என்றேன். ரசீது எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 19

சுண்ணாம்பைச் சுரண்டினால் அவர் கால் போகும். விட்டால் அந்த அக்காவின் கண், அதாவது பிழைப்பு. சொல்லாமல் கண்ணாடியைக் கொடுத்துவிடலாமா? சீ.

கணவரிடம் கொட்டிவிட்டேன். “நீ போய்ச் சொல்றியா, இல்ல நான் ஏறிப் போகட்டுமா?” என்றார். லிஃப்ட் இல்லாத கட்டடம், நான்கு மாடி. போகக்கூடியவர்தான். அதுதான் பயம்.

ஏப்ரல் 20

அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அறை முழுக்கத் துணி மூட்டை, ஜன்னலோரம் தையல் மிஷின். மாடிக்கு வெள்ளையடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டு நின்றேன்.

நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தார். “கண்ணே போயிடுச்சோன்னு ஒரு வாரமா செத்துப் பிழைக்கிறேன். அன்னிக்கு என் எதிர்லயே நின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே சுரண்டிவிடுகிறேன் என்றேன். வெள்ளையடித்த காரணத்தையும் சொன்னேன், சாக்காக இல்லை, தெரிந்திருக்கட்டும் என்று. அவர் எழுந்துபோய் ஜன்னல் வழியாக எங்கள் மாடியை ஓரத்துக்கு ஓரம் பார்த்தார், கையால் கண்ணை மறைத்தபடியே.

“சுரண்ட வேணாம். எல்லாரும் ஜன்னலுக்கு உள்பக்கம்தான் திரை கேக்கறாங்க. வெயில் உள்ள வந்தப்புறம் மறைச்சு என்ன பிரயோஜனம்? வெளியிலயே மறைக்கணும். உங்க மாடிக்கும் அதேதான். துணி காயப்போடுற கம்பி எவ்வளவு உயரம் இருக்கும்?”

அளந்து சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 25

மொட்டை மாடிக்கு மேல் துணிப் பந்தல் கட்டியாயிற்று. ஐந்து வருடமாக மிஞ்சிய தடித்த திரைத் துணிகளை அக்கா ஒன்றாக இணைத்து, ஓரமெல்லாம் வளையம் வைத்துத் தைத்திருக்கிறார். ஒரு பக்கம் ரோஜாப்பூ, ஒரு பக்கம் கோடு, நடுவில் யாரோ ஒரு குழந்தையின் அறைக்கு வாங்கிய வாத்துகள். காற்று போக அங்கங்கே இடைவெளியும் உண்டு. அக்கா மேலே தன் ஜன்னலில் நின்று, இழு, விடு என்று அதட்ட, நான் கட்டினேன். அங்கிருந்து கீழே பார்த்தால் இப்போது வெள்ளையே தெரியவில்லை, வாத்துதான் தெரிகிறது. மிச்சத் துணியில் எங்கள் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு திரையும் தொங்குகிறது.

இதற்கெல்லாம் நான் செய்தது ஒரு பிழையும் ஒரு மன்னிப்பும்தான். கிடைத்தது ஓர் அக்கா.

ஏப்ரல் 28

மதியம் மூன்றரை. முப்பது டிகிரி. ஏசியைப் போட மறந்துவிட்டாராம்!

மே 2

அண்ணி நாளைக்குத்தான் வருவார் என்று நான் கடையில் இருந்தேன். தேதியைக் குழப்பிக்கொண்டது நான்தான். கணவர் போனில் சொன்னதும் ஓடி வந்தேன். வாசலில் கார் நின்றது. மேலே போனால், அண்ணி ஹாலில் வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இவர் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்றார்.

அண்ணி ஐந்து மணிக்கு எழுந்தார். இப்படி அடைத்து வைத்தால் காற்று எங்கிருந்து வரும் என்று முதலில் என்னைத் திட்டினார். அப்புறம் மேற்கு ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, தைத்தவரின் நம்பரைக் கேட்டார். காப்பி குடித்தார். தம்பியின் துணிமணி எங்கே என்று கேட்பார் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

வழியனுப்பக் கீழே போனேன். காரில் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கூட்டிட்டுப் போகத்தாம்மா வந்தேன். பெல் அடிச்சிட்டு, நீ வந்து திறப்பேன்னு நிக்கிறேன், அவன் வந்து திறந்தான். அப்பவே அந்த நெனப்ப விட்டுட்டேன்.”

திரும்பி வந்து கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, வாசல் கதவு வரை நடந்து பார்த்தேன். பதினோரு அடி. நடுவில் பிடித்துக்கொள்ளச் சுவரே இல்லை.