ஆற்றங்கரையில் நட்ட அரசர் ஈட்டி

"ஈட்டியை எண்ணிப் பாத்துட்டுப் போருக்குப் போற படையை நான் எந்த நாட்டுலயும்..."

"எண்ணியாச்சு ஐயா! போறதுன்னுதான் முடிவாச்சு, அதைத்தானே தொண்டை வறள..."

"போறதுன்னு முடிவு பண்ணினவன் ஏண்டா கரையில அடுப்பு மூட்டி உக்காந்திருக்கான்?"

ஆம்பல்நாடு ஆளும் கோ விடங்கப் பெருமானுக்கு, மலையரண் இரண்டு கொண்ட தோளனுக்கு, ஏரிக்கரை உடையாது காக்கும் காவலனுக்கு, ஈன்ற தாய் நங்கைவல்லி எயில்மேட்டுப் பாசறையிலிருந்து விடுக்கும் ஓலை. நின் குடை குளிர்க. நின் ஏரிகள் நிறைக. நின் வாயிலில் முறையிட வந்தோர் முகம் மலர்ந்து மீள்க. வாழ்த்துக்கு முன்னே வழக்கு நுழைந்துவிட்டது, பொறுத்தருள்க. முதலில் கேட்ட குரல் நின் சேனாபதி மழவராயருடையது. குறுக்கே பாய்ந்தது எயில்மேட்டுப் படைத்தலைவன் காடனுடையது. நான் சொல்லச் சொல்ல எழுத்தாணி ஓடுகிறது. கூடாரத் துணிக்கு அப்பால் அவ்விருவர் வாயும் ஓயவில்லை.

அரசாணையை மீறி ஆற்றைக் கடவாது நின்ற காடனின் தலையைக் கொய்வதென்றும், அவ்வாணையில் தாயின் முத்திரை பதிய வேண்டுமென்றும் பணித்து அனுப்பினாய். முத்திரை என் மடியில் இருக்கிறது. இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுவதும் அமர்வதுமாக இருக்கிறேன்.

எயில்மேட்டார் கூலிக்கு வந்த படையினர் அல்லர். எங்களைக் கேட்டுவிட்டுக் கூட்டிப் போ என்று நின் பாட்டனாரிடம் வாக்குப் பெற்று வந்தவர்கள். புறப்படும் முன் கொடிமரத்தடியில் ஆளுக்கொரு ஈட்டி நட்டு வைப்பர். வலப்பக்கம் நட்டால் போவோம் என்பது. இடப்பக்கம் நட்டால் வேண்டாம் என்பது. எப்பக்கம் மிகுதியோ அதுவே முடிவு. போவோம் என்றவர் முன்வரிசையில் நடக்க வேண்டும். முதலில் நட்டவன் எல்லார்க்கும் முன்னே. அவன் காலெடுத்து வைக்கும்முன் வேறெவனும் அசையலாகாது.

காடன் இதை விளக்கக் கேட்டு மழவராயர் சிரித்தார். "அம்பு பாயுறப்பவும் ஈட்டி நட்டு எண்ணுவியாடா?"

"கிளம்புறதுக்கு முன்னாடிதான் ஐயா கேள்வி. கிளம்பிட்டா நான் சொன்னதுதான். நடுவழியில மாட்டேன்னு திரும்பினான் என் மச்சான். என் கையாலேயே வெட்டினேன். தங்கச்சி இன்னும் என்கூடப் பேசுறதில்லை."

சேனாபதி சிரிப்பை நிறுத்தினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அக்கரைக் கோட்டையில நம்ம ஆளுங்க முற்றுகையில கிடக்காங்க, தாயே. குதிரையை அறுத்துத் தின்னு முடிச்சாச்சு. அவங்களுக்காக யார் ஈட்டி நட்டது? அவங்களை யார் கேட்டா?"

அதற்கு மறுமொழி நின்னிடம் இருந்தால் எழுது, மகனே.

பின்னரே நான் கொடிமரம் காணச் சென்றேன். வலப்பக்கம் ஈட்டிகள் அடர்ந்து நின்றன, காடனுடையதும் அங்கேயே. இடப்பக்கம் ஒரு கைப்பிடிதான். ஆக, கடப்பதென்றே படை முடிவு செய்திருக்கிறது. ஆனால் வலப்பக்க வரிசையின் தலையில், எல்லாவற்றுக்கும் முதலாக, பொற்பூண் கட்டிய ஈட்டி ஒன்று. நின்னுடையது.

நின் தூதன் ஆணையைப் படித்து முடித்து, இது அரசர் கட்டளை என்று காட்டுதற்கு அதை அங்கே ஊன்றியிருக்கிறான். அவனுக்கு அது ஓர் அடையாளம். இவர்களுக்கோ அரசர் தாமே முன்வரிசைக்கு ஒப்பிய சொல். அரசரே வருகிறார் என்ற ஆரவாரத்தில் கிழவர்கள்கூட வலப்பக்கம் நட்டிருக்கின்றனர். அன்று முதல் கரையில் சோறாக்கி, வடக்குப் பாதையையே பார்த்துக்கொண்டு, நின் வரவுக்குக் காத்திருக்கின்றனர். இதைத்தான் காடன் சொல்லச் சொல்ல, சேனாபதி சாக்கு என்று தள்ளிவிட்டார்.

நின் ஈட்டியைத் தாண்டி நடந்தால் அவர்கள் முறை கெடும். அதைப் பிடுங்கினால் அரசத் துரோகம். அதற்கும் தலைதான் விலை. ஆறோ ஏறிக்கொண்டிருக்கிறது. அக்கரையில் நேற்றுவரை எழுந்த புகை இன்று இல்லை.

ஆகவே கொலையாணையில் முத்திரை இடேன். இவ்வோலையில் இடுகிறேன். ஆம்பல் மலர் பொறித்த அரக்கு மேலே காண்க. இது தாயின் வேண்டுகோள் அன்று, எல்லை காக்க நீயே எனக்களித்த அதிகாரத்தின் ஆணை: ஓலை கொணர்ந்தவன் குதிரை இளைப்பாறும் முன் நின் விடை புறப்படுக, அதுவரை காடன் மேல் எவரும் கை வையாதிருக்க.

காடனையும் அழைத்து, அரசருக்குச் சொல்ல வேண்டியது உண்டோ என்று வினவினேன். மழவராயரைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். அவன் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாது எழுதுவிக்கிறேன்.

"ராசா வர்றாரான்னு கேளுங்க தாயே. இல்லேன்னா அந்த ஈட்டியை அவரையே வந்து பிடுங்கச் சொல்லுங்க."