பேரனுக்கென்று பதிந்த குரல்

மார்ச் 6, வியாழன்
ஊர்காவற்றுறையில் நான் எடுக்கும் ஆங்கில மாலை வகுப்புக்கு வரும் ஜசிந்தா அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கனடாவில் இருக்கும் பேரனோடு ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும், அதற்காகத்தான் படிக்கிறார். அவனுக்கு அனுப்புமுன் திருத்தித் தரச்சொல்லி, குரலைப் பதிந்து எனக்கு அனுப்பியிருந்தார். மண்கும்பான் கடற்கரைக்குப் போன கதை. ‘ஃபன்’ என்பது வாயில் வராமல், “வீ ஹாட் பன்” என்கிறார். பன், அதுதான் பணிஸ், எல்லாரும் சாப்பிட்டது மாதிரி! சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பதிவைக் கம்பஸ் சிநேகிதிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். சும்மா, ஒரு ஃபன்னுக்கு.

மார்ச் 11, செவ்வாய்
ஜசிந்தா அக்கா வரவில்லை.

மார்ச் 13, வியாழன்
இன்றும் இல்லை. வகுப்பில் லோஜனா சொன்னாள்: “ரீச்சர், அக்கான்ர குரலுக்கு ஆரோ மியூசிக் போட்டு விட்டிருக்கினம். கனடாவில எல்லாற்ற போனிலயும் ஓடுதாம். மகள் கேட்டிட்டு அழுதவவாம்.”
“ஆர் அனுப்பினதாம்?” என்று கேட்டேன்.
நான் கேட்டேன்!

மார்ச் 14, வெள்ளி
‘ஃபன்’ என்ற சொல்லை அகராதியில் தேடினேன். முந்நூறு வருடங்களுக்கு முன் அதற்கு ஏமாற்று என்று பொருளாம். மூலம் உறுதியில்லை, முட்டாளாக்குவதைக் குறித்த பழைய சொல்லாக இருக்கலாமாம். மகிழ்ச்சி பிறகுதான் வந்து ஒட்டியது.
பத்து வருசமாப் படிப்பிக்கிறன், ஒருநாளும் பாக்கேல்லை. நான் ஆரை ஏமாத்தினனான்? என்னை நம்பி அனுப்பினவவை.

மார்ச் 16, ஞாயிறு
அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தார்.
“நான்தான் அனுப்பினனான், அக்கா.”
“தெரியும். உமக்கு மட்டும்தானே தந்தனான்.”
இவ்வளவு நாளும் என்னை ‘நீங்கள்’ என்றவர், இன்று ‘நீர்’ என்கிறார்.
“என்ர இங்கிலீசுக்குச் சிரியும், பரவாயில்லை. நானே சிரிப்பன். பேரனுக்கெண்டு கதைச்சதை ஏன் ஊருக்குக் குடுத்தனீர்?”
மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணீர் தந்தார்.

மார்ச் 18, செவ்வாய்
நான்தான் அனுப்பியது என்று வகுப்பில் எல்லார் முன்னும் சொன்னேன். லோஜனா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்
ஜசிந்தா அக்கா பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. இன்று காலை யாழ்ப்பாண பஸ்ஸில் கண்டேன். இடம் காலியாக இருந்தது அவர் பக்கத்தில் மட்டும்தான். தயங்கி நின்றேன். பையைத் தூக்கி மடியில் வைத்தார்; இருந்தேன். போனில் பேரனோடு ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தார், சத்தமாக, பஸ் முழுக்கக் கேட்க. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தேன்.
ஒரு சொல்லில் தடக்கினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.
“பாலத்துக்கு என்ன சொல்லுறது?”
மெதுவாகச் சொன்னேன்.