சமத்துப் பிள்ளைக்கு வலிக்காதா

மார்ச் 4
மழை. தைவானின் இந்தக் கீலுங்கில் மழை என்று எழுதுவது தண்ணீர் நனைக்கும் என்று எழுதுவதைப் போல. ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஜன்னல் ஒன்றுதான். அதில் துறைமுகம் நாள் முழுக்கக் கரைந்து ஒழுகிக்கொண்டே இருக்கிறது. மூச்சு இயந்திரங்களின் தாளத்திலேயே நானும் மூச்சு விடுகிறேன். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை.

மூன்றாம் படுக்கைக்குப் புதிதாக ஒரு சிறுமி. ஷின்-யுவே, ஆறு வயது. நிமோனியா முற்றி, சீழ் வடிய விலாவில் ஒரு குழாய், வாயில் மூச்சுக் குழாய். பேச முடியாது. என்னோடு நர்ஸாக வேலை செய்யும் பெய்-ஷான் ஓடிப்போய் அவள் இயந்திரத்தின் மேல் பச்சைப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். சோளப் பொரி, அதன் பெயரே 'சமத்து சமத்து'. அது மேலே இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது இங்கே எல்லாருக்கும் நம்பிக்கை. மஞ்சள் பொட்டலம் வைத்தால் போச்சு. டாக்டர் ஜியாங் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். பழசானால் பலிக்காதென்று பொட்டலத்தின் காலாவதித் தேதியைத் திருப்பிப் பார்க்கிறவரும் அவர்தான்.

மார்ச் 5
ஷின்-யுவே அம்மா கோயில் தெருவில் மீன் உருண்டை பொரித்து விற்கிறவர். கை முழுக்க எண்ணெய்த் தழும்பு. மகளின் காதருகே குனிந்து ஒரே மந்திரம்: "சமத்தா இருடி தங்கம். அழாம சமத்தா இருந்தா வீட்டுக்குப் போயிடலாம்."

இருக்கிறாள். புரட்டிப் படுக்கவைத்தாலும் முகம் சுளிக்கவில்லை, கை காலை உதறவில்லை. பேச முடியாத பிள்ளைகளின் வலிக்கு இவற்றைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறோம். பூஜ்யம் போட்டேன். "இவ்ளோ சமத்தா ஒரு புள்ளையா!" என்று கன்னத்தையும் தட்டினேன்.

மார்ச் 6
விடுமுறை. பகலெல்லாம் தூக்கம். கனவில் எங்கள் பிரிவு கடலுக்கடியில் இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் மிதந்தார்கள். ஒருத்தி மட்டும் அடியில் கிடந்தாள். நான் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7
போர்வை மாற்றும்போது அவள் கால்விரல்கள் கண்ணில் பட்டன. பத்தும் உள்பக்கம் மடங்கி, வெளுத்துப்போய். முகமோ குளத்துத் தண்ணீர். நாடித் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. தூங்குகிற பிள்ளை விரலை இப்படியா மடக்கும்? வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"அது தூங்கலைங்க," என்றார் ஷின்-யுவே அம்மா. "ஊசி போட்டா இப்படித்தான், செருப்புக்குள்ள விரலை மடக்கிக்கும். அழுதா நான் திட்டுவேன்னு…" முடிக்கவில்லை.

ஐயோ. பூஜ்யம் போட்டேனே, பாவி! மூணு நாளா அந்தப் புள்ள பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கு. நான் கொஞ்சியிருக்கேன்.

டாக்டர் வந்து பார்த்தார். "காய்ச்சலாவும் இருக்கலாம். வலி மருந்தைக் கொஞ்சம் ஏத்திப் பாப்போம். துடிப்பு எறங்கினா வலிதான்."

"மருந்து மயக்கத்துல மூச்சுக் குழாய் எடுக்கறது தள்ளிப் போகுமே, டாக்டர்?"

"போகட்டும். வலிக்குப் பயந்து மூச்சே இழுக்காம கெடந்தா, எடுத்து மட்டும் என்ன பண்ண?"

துடிப்பு இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நான் போர்வையை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 8
இன்னும் ஒளிக்கிறாள். மருந்து தீரும் நேரத்தில் கண் திறந்து அம்மாவைப் பார்ப்பாள். உடனே முகத்தைச் சாத்திக்கொள்வாள், கடையைச் சாத்துவது போல. இப்படி மறைத்தால் எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது?

"வலிச்சா காட்டுன்னு நீங்க சொன்னாத்தான் கேப்பா," என்றேன் ஷின்-யுவே அம்மாவிடம்.

கோபம் வந்துவிட்டது அவருக்கு. "நாள் முழுக்க என் பக்கத்துலயே இருப்பா, அடுப்புல எண்ணெய் கொதிக்கும். சமத்தா இல்லாட்டி என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு? ஆறு வருஷமா சொல்லிச் சொல்லி வளத்தது. இப்ப மாத்திச் சொல்லுன்னா?"

சாயங்காலம் அவரே மகளின் காதருகே குனிந்தார். "சமத்தா இருக்க வேணாம்டி. வலிச்சா அம்மா கையை நசுக்கு. திட்டமாட்டேன்."

ஷின்-யுவே அசையவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது.

மார்ச் 9
மழை. நசுக்கவில்லை.

மார்ச் 10
விலாக் குழாயின் கட்டுத்துணியை மாற்றும்போது நசுக்கினாள்! அம்மா "ஆ!" என்று கத்தி, சிரித்து, மூக்கைச் சிந்தி அழுதார். மருந்தை உடனே கொடுத்தோம்.

வண்டியில் வரும் வழியெல்லாம் எனக்கும் கண்ணீர். மழைதானே, யாருக்குத் தெரியப் போகிறது.

மார்ச் 14
காலையில் மூச்சுக் குழாயை எடுத்தாயிற்று. மதியம் டாக்டர் அவளிடமே கேட்டார், "வலிக்குதா?"

அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.

"வலிக்குது." குரல் கரகரத்தது. "நெறைய வலிக்குது. இந்த அக்கா கை சில்லுன்னு இருக்கு, தொட வேணாம்னு சொல்லுங்க." என்னைத்தான் சொன்னாள்.

"கேட்டீங்களா? வலிக்குதாம்!" பரீட்சை முடிவைச் சொல்வது போல அம்மா பிரிவு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

மருந்து கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, படுக்கைக்குக் குறுக்கே காலை நீட்டித் தூங்கிப்போனாள். யாரும் அவளைச் சமத்து என்று சொல்லவில்லை.