வாசலில் கிடக்கும் செருப்புகள்

அன்புள்ள குழலிக்கு,

போனில் சொன்னால் சிரிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று நீ ஆடப்போகும் உழவர்கரை அரங்கத்தில் தீப்பிடித்தால் கூட்டம் வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று, ஆட்களைப் புள்ளிகளாக்கிக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தது நான்தான். அறுநூறு புள்ளிகளும் நான்கு நிமிடத்தில் வெளியேறின. பாதுகாப்பானது என்று கையெழுத்திட்டேன்.

நேற்று அங்கே ஒரு கச்சேரிக்குப் போனேன். மேடையில் நடராசர் இருப்பதால் எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். நடுவில் மின்சாரம் போனது. பயந்து ஓடிவந்த கூட்டம் வாசலில் குனிந்து நின்றுவிட்டது.

"ஒத்தச் செருப்பக் காணோம்டி. போன வாரந்தான் வாங்கனேன்" என்று ஒருத்தி இருட்டில் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் சரிந்தார்கள்.

என் புள்ளிகளுக்குச் செருப்பில்லை. இன்று அவற்றையும் வாசலில் குனியவைத்தேன். பதினொரு நிமிடம் ஆனது. எத்தனை புள்ளிகள் வரவேயில்லை என்பதை உனக்கு எழுதமாட்டேன்.

"ஞாயித்துக்கெழம போவட்டும்மா, ஒன்னும் ஆவாது" என்றார் மேலதிகாரி. கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். வாங்கி இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

நீயும் உன் தோழிகளும் வெறுங்காலோடு வாருங்கள். முன்வரிசையில் என்னைத் தேடாதே. நீ ஆடி முடிக்கும்வரை வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா